சபரிநாதன் ஓவர்டிரைவ் மாட்டிய கதை

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கும் சபரிநாதனுக்கு வயது நாற்பத்தாறு. பெருந்துறைப் பக்கத்துக்காரர். பெரிய பேங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று இரண்டு தடவை எனக்கு விளக்கினார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். கிரீன் கார்டுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்த மனிதர், அது கைக்கு வந்த வாரமே ஒரு காரியம் செய்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். கரும்பச்சை நிறம். மேலே துணிக்கூரை. இரண்டே இரண்டு சீட்டு. அவர் வீட்டில் ஆட்கள் மூன்று பேர். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவர் இந்தக் கணக்கை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

நான் பக்கத்து ஊரான கரோல்டனில் கியர்பாக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் நம்மாட்கள் எப்படியும் ஒரு நாள் என்னிடம் வந்து சேருவார்கள். இவரும் வந்தார்.

வாங்கும் வரை அவர் எந்தக் காரின் பானெட்டையும் திறந்து பார்த்தவர் இல்லை. வாங்கிய பிறகும் திறந்ததில்லை, படம் எடுக்க மட்டும் திறப்பார். டல்லாஸில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். உறுப்பினர் நூற்று நாற்பத்து மூன்று பேர். பழைய கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் காலை வணக்கம் அனுப்புகிறார்கள்.

சிக்கல் ஏப்ரலில் வந்த ஆலங்கட்டி மழையில் ஆரம்பித்தது. அவர் வீட்டில் இரண்டு கார் நிறுத்துகிற கராஜ். ஒரு பாதியில் மொத்தமாக வாங்கிய தண்ணீர் பாட்டிலும் பேப்பர் சுருளும் ஒரு பெரிய ஃப்ரீசரும். மறு பாதியில் பச்சை ஸ்போர்ட்ஸ் கார். அவர் மனைவி வான்மதியின் புது வண்டி, மூன்று பேரும் உட்காரக்கூடிய ஒரே வண்டி, வெளியே டிரைவ்வேயில். கால் மணி நேரம் கல் விழுந்தது. முடிந்தபோது அந்தப் புது வண்டி குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஆகியிருந்தது.

வான்மதி கத்தவில்லை. அதுதான் சபரிநாதனுக்குப் பயமாக இருந்ததாம்.

"ஏனுங்க, அந்தப் பொம்மைக் காருக்குக் கூரை. எனக்கு ஆகாசமா?"

"அது கிளாசிக்மா. தகரம் கெடைக்காது."

"அப்புடியா? சரி, ஒண்ணு பண்ணலாம். அடுத்த மாசம் ஹூஸ்டன்ல எங்க பெரியப்பா பேத்தி ரிசப்ஷன் இருக்குது. அந்தக் கார்லயே என்னையக் கூட்டிட்டுப் போங்க. ஃப்ரீவேல எழுபது மைல் வேகத்துல போகோணும். நான் பேசறது உங்களுக்குக் கேக்கோணும், நீங்க பேசறது எனக்குக் கேக்கோணும். கேட்டா அது கராஜ்லயே இருக்கட்டும். கேக்கலீன்னா என் வண்டி உள்ள, அது வெளிய."

பக்கத்தில் இருந்த மகள் ஓவியாவைத் துணைக்குப் பார்த்தார் சபரிநாதன். பதினேழு வயதுப் பெண். "டாட், ஐ ஆம் நாட் இன்வால்வ்ட்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நிபந்தனை லேசானது இல்லை. அந்த வண்டிக்கு நாலே கியர். எழுபதில் போனால் எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும். மாவு மில்லுக்குள் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும். அதற்கு மருந்து ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். நாலாவது கியரில் போகும்போது ஒரு ஸ்விட்சைத் தட்டினால், பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி வேலைக்கு வரும். வண்டி அதே வேகத்தில் போகும், எஞ்சின் மட்டும் எழுநூறு சுற்று இறங்கி மூச்சு விடும். அந்தக் காலத்திலேயே கூடுதலாகக் கொடுத்தால் கம்பெனியே மாட்டிக் கொடுத்திருப்பான். முதலில் வாங்கினவன் கொடுக்கவில்லை.

ஓக்லஹோமாவில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஓவர்டிரைவோடு நல்ல கியர்பாக்ஸ் பெட்டி ஒன்றை சபரிநாதன் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். வேலையைத் தொடங்கும் முன்பே நாற்பத்திரண்டு வரியில் ஒரு பட்டியலும் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆபீஸ் பழக்கத்தில் தினம் காலை எட்டு மணிக்கு போன்.

"அண்ணா, நேத்து என்ன பண்ணுனீங்க, இன்னைக்கு என்ன பண்ணப் போறீங்க, ஏதாச்சும் தடங்கல், ப்ளாக்கர் இருக்குங்களா?"

"இருக்குதுங்க. இந்த போன்தான்."

எஞ்சினோடு சேர்த்துத்தான் அந்த வண்டியின் கியர்பாக்ஸ் வெளியே வரும். இறக்கினேன். புதுப் பெட்டியைப் பிரித்து, சுத்தம் செய்து, ரப்பர் வளையமெல்லாம் மாற்றி ஏற்றினேன். மூன்று வாரம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து டோல் ரோட்டில் எழுபதுக்குக் கொண்டுபோய் ஸ்விட்சைத் தட்டினேன். சத்தம் சட்டென்று தணிந்தது. சபரிநாதன் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அண்ணா... காத்து கேக்குது."

அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னேன். பெட்டியின் மேலே விரல் நகம் அளவு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மூன்றாவது, நாலாவது கியரில் மட்டும்தான் ஓவர்டிரைவுக்கு அது கரண்ட் விடும். ரிவர்ஸில் விடாது. விட்டால் உள்ளே ஒரே பக்கம் மட்டும் சுற்றுகிற உருளைகள் இறுகி உடைந்துவிடும். "அதைத் தொடாதீங்க" என்றேன்.

"சேச்சே" என்றார்.

வீட்டுக்குப் போய் அன்றைக்கே தொட்டார். போனில் இருந்து ஓவர்டிரைவை இயக்க ஒரு ஏற்பாடு. ப்ளூடூத் ரிலே வாங்கி, கரண்ட் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போகாதபடி சுற்றி வயர் இழுத்துவிட்டார். போனில் தட்டினால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். எந்தக் கியரிலும் எரியும். குழுவில் படம் போட்டார். நூற்றுப்பத்து கைதட்டல் வந்தது. எனக்கு மட்டும் அந்தப் படம் வரவில்லை, நான் குழுவில் இல்லை.

புது வண்டி என்றால் பூஜை. பழைய வண்டிக்குப் புதுக் கியர்பாக்ஸ் என்றாலும் பூஜை என்று அவரே முடிவு செய்துகொண்டார். சனிக்கிழமை ரிசப்ஷன், வியாழக்கிழமை சாயங்காலம் கோவில் பார்க்கிங் லாட்டில் பூஜை. என்னையும் விடாமல் கூப்பிட்டார். குழுவில் இருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். காப்பெலில் பல் டாக்டராக இருக்கும் கஸ்தூரிரங்கன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தார். வான்மதிக்கு ஆபீஸ் மீட்டிங், வரவில்லை.

பானெட்டில் சந்தனம், குங்குமம், ஒரு மாலை. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றப் போன குருக்கள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"என்ன இது, தெக்கப் பாத்துன்னா நிக்கறது! இப்படி நிறுத்தி பூஜை பண்ணப்படாது. கொஞ்சம் பின்னாடி எடுத்து கிழக்கப் பாத்துத் திருப்பிக்கோங்கோ."

பழங்களை எடுத்தார்கள். சபரிநாதன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி கஸ்தூரிரங்கனைக் கூப்பிட்டார்.

"அங்கிள், வீடியோல இதையும் எடுங்க. நிக்கறப்பவே ஓவர்டிரைவ் ஆன். பச்சை லைட் பாருங்க. ரிவர்ஸ் போட்டாலும் அணையாது!"

அந்த விளக்கை அப்போதுதான் பார்த்தேன். "யோவ், நிறுத்துய்யா!" என்று கத்தினேன். வாடிக்கையாளரை நான் யோவ் என்று கூப்பிட்டது அது ஒரு தடவைதான். அதற்குள் கிளட்சை விட்டுவிட்டார். வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. உள்ளே பாறையைச் சுத்தியால் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"ப்ளூடூத் டிஸ்கனெக்ட் ஆயிருச்சு போலிருக்கு" என்றார் சபரிநாதன்.

குருக்கள் நல்ல மனுஷர். நின்ற வாக்கிலேயே ஆரத்தி காட்டி அனுப்பினார். தெற்கு பார்த்தபடி, மாலையோடு, டோ டிரக் மேல் ஏறி வண்டி என் கடைக்கு வந்தது. வீடியோ அதற்கு முன்பே குழுவுக்குப் போய்விட்டது. பாதிப் பேர் முழுசாகப் பார்க்காமல் வாழ்த்துகள் என்று போட்டார்களாம்.

மறுநாள் எஞ்சினை இறக்கிப் பெட்டியைத் திறந்தேன். உருளைகள் துண்டு துண்டாக ஒரு தட்டில் விழுந்தன. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்த சபரிநாதன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, அந்தப் பழைய பெட்டி இங்கதான இருக்குது? அதையே இன்னைக்கு மாட்டீர்லாமா? பச்சை லைட்டை மட்டும் எரிய விட்டுட்டா..."

"சத்தத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஹெட்விண்டு, எதிர்க்காத்துன்னு சொல்லிக்கிறேன்."

"பெட்டியை மாட்டறேன். பொய் லைட்டுக்கு வயர் இழுக்க மாட்டேன்."

"லைட் நானே இழுத்துக்கறனுங்ணா."

"நீங்க இழுத்தது போதும்" என்றது வாசலில் ஒரு குரல். வான்மதி. கையில் போன். வீடியோ அவருக்கு ஏழு பேரிடமிருந்து வந்திருந்தது.

உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அண்ணா, இது எதனால ஒடைஞ்சுது?"

சபரிநாதன் முந்திக்கொண்டார். "தெக்க பாத்து நின்னுதும்மா. ஐயர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாரு. அந்த டைரக்‌ஷன் தான்..."

"நான் அண்ணனைக் கேட்டேன்."

இருபது வருஷமாக எத்தனையோ புருஷன்மார்களைக் காப்பாற்றியிருக்கிறேன். கியர்பாக்ஸ் கடையில் அதுவும் ஒரு வேலை. ஆனால் நான் பிரித்துச் சேர்த்த பெட்டியை உடைத்துவிட்டு ஐயர் மேல் பழி போடுகிறவரைக் காப்பாற்ற வாய் வரவில்லை. ஸ்விட்சைக் காட்டினேன். அது என்ன செய்யும், அதைச் சுற்றி வயர் போனது எப்படி, எல்லாம் சொன்னேன்.

வான்மதி கேட்டு முடித்தார். "ஆக, ஒடையாம இருக்கறதுக்குன்னே ஒண்ணு வெச்சிருந்தான். அதைத்தான் இவரு கழட்டிட்டாரு."

"கழட்டலம்மா, பைபாஸ் பண்ணுனேன்."

"நாளைக்கு என் வண்டில போறோம். ஞாயித்துக்கெழமை கராஜைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. இதை விக்கச் சொல்ல மாட்டேன். எங்க வேணாலும் வெச்சுக்கங்க, என் கூரைக்கு அடில வேண்டாம்."

அவர் போன பிறகு சபரிநாதன் ஒரு காலி எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வாங்கின முதல் ஆசை. டீ போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு போன் வரவில்லை. மத்தியானம் நேரில் வந்தார்.

"ஹூஸ்டன் எப்படிங்க?"

"அவ வண்டில சத்தமே இல்லீங்ணா. நாலு மணி நேரம் பேசுனா. ரெண்டு வருஷமா அவ ஆபீஸ்ல டீம் லீடுங்களாமா. எனக்கு இப்பத்தான் தெரியும்."

டிரைவ்வேயில் பச்சைக் கார் நின்றால் போர்வை போட்டு மூட வேண்டும். மூடிய வண்டி வெளியே நிற்கக்கூடாது என்று குடியிருப்புச் சங்கத்தில் ஒரு விதி. அதனால் அது என் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை தோறும் வருகிறார். பழைய துணி உடுத்தி, கையில் கிரீஸோடு, என் பக்கத்தில் நிற்கிறார். பெட்டிக்குப் புது உருளைகள் வாங்கியாகிவிட்டது. உருளையை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவரே சரியாகப் போட்டார்.

போன வாரம் எஞ்சின் ஏறியது. மிச்சம் வயர் வேலை மட்டும்தான்.

"அண்ணா, அந்த ஸ்விட்சுக்கு வயர் நானே குடுக்கறேன். எப்படி இருந்துதோ அப்படியே. நீங்க பாத்துட்டு மட்டும் நில்லுங்க."

"சரிங்க" என்றேன். பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் என் ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்தில் நின்றேன்.