ஜீப்பில் எனக்கோர் இடம்

உரிமை கேட்க ஆள் திரட்டுகிறவர்களுக்குப் பாடம் நடத்துவது ஒரு விசித்திரமான பிழைப்பு. மோசமாக நடத்தினாலும் இனி வரவேண்டாம் என்பார்கள், நன்றாக நடத்தினாலும் வரவேண்டாம் என்பார்கள். சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் என் சகபாவிகளுக்கு இது தெரியாததல்ல. கூடலூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, லோயர் கேம்ப் வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள்தான் என் மாணவிகள். அவர்களுக்குள்ளிருந்தே, அவர்களுக்காக எழுந்து பேசக்கூடிய நாலு பேரை உருவாக்குவது என் வேலை. இப்போது தேனியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜீப்பை நினைக்காத நாளில்லை.

வட்டம்

எங்கள் பயிற்சி முறையில் வாத்தியார் கிடையாது, கரும்பலகை கிடையாது, முன்வரிசை பின்வரிசை கிடையாது. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். என்ன படிப்பது என்பதைப் படிக்க வந்தவர்களே முடிவு செய்ய வேண்டும். முதல் வகுப்பைச் சின்னமனூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இன்றைக்கு என்ன பேசலாம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பயிற்சியாளர் பொறுமையாக இருந்தால் மௌனம் தானாக உடையும் என்பது எங்கள் பாலபாடம்.

உடையவில்லை. வாரம் முழுக்க மலையேறி இறங்கியவர்களுக்கு மௌனம் என்பது தூங்கக் கிடைத்த நேரம். இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள். கடைசியில் பேச்சியம்மாள் என்மேல் இரக்கப்பட்டார். ஜீப்பில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தினமும் இடம் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "என்ன பேசணும்னு நீங்களே சொல்லிட்டீகன்னா, பேசிட்டு வெரசா வீட்டுக்குப் போயிருவோம்ல டீச்சர்?"

பதிலுக்குக் கேள்வி

யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது, அதை அவர்களிடமே திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் சொந்தமாக யோசிப்பார்கள் என்பது எங்கள் முறையின் இன்னொரு விதி. பழக்க தோஷம், எனக்கு அது வாயிலேயே ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சுருளியம்மாள், ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டதா என்று கேட்டாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நான் கேட்டேன். அவள் நெற்றியைச் சுருக்கி மெய்யாகவே யோசித்தாள். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கண்முன்னால் பஸ் போனது. அடுத்த பஸ் வரும்வரை என்னோடு நின்றவள் கோபப்படவில்லை, ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க டீச்சர், அதுல என்ன கௌரவக் கொறச்ச?"

இடுப்பு

மண்டபம் வேண்டாம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து உட்காருவது ஜீப்பில் மட்டும்தான் என்றார் பேச்சியம்மாள். மறுநாளே நானும் ஏறினேன். சேர்ந்து உட்காருவது என்று அவர் சொன்னதன் பொருள் ஏறின பிறகுதான் விளங்கியது. என் உடம்பில் பாதி சுருளியின் மடியில் இருந்தது, மீதி யாருடைய தூக்குச்சட்டியின் மேலோ இருந்தது. கொண்டைஊசி வளைவுகளில் ஒருத்தி சாய்ந்தால் அத்தனை பேரும் சாய்ந்தோம். இதைவிட நல்ல வட்டத்தை எந்தப் பயிற்சியாளரும் போட்டதில்லை. உங்களுக்குப் பெரிய கஷ்டம் எது என்று அங்கே கேட்டேன். இடுப்பு என்றார்கள். ஏன் இடுப்பு? நெருக்கடி. ஏன் நெருக்கடி? ஆளை அடைக்கிறார்கள். யார் அடைப்பது? எல்லாரும் டிரைவர் ஈசுவரனின் முதுகைப் பார்த்தார்கள்.

தலைக்கு இவ்வளவு என்றுதான் தோட்டத்தில் வண்டிக்கூலி தருகிறார்கள், ஆள் குறைந்தால் டீசலுக்கே கட்டாது என்று ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார். அப்படியானால் அடைப்பது யார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வளைவு தாண்டியதும் ஈசுவரன் சொன்னார்: "என்னையும் ஒரு ஆளாச் சேத்துக் கேளுங்க டீச்சர், நானும் இந்த வண்டியிலதான போறேன்?"

மழை

மழைக்காலத்தில் ஒருநாள் பின்சக்கரம் வழுக்கி ஜீப் ஓடையோரம் இறங்கியது. அன்று நான் போகவில்லை. ஆள் கூடிப்போனதில் தன் ஜன்னலோர இடம் போய், பின்பலகையில் தொற்றிக்கொண்டு போன சுருளியம்மாள் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கம்பம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவளிடம் எனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னேன். வலியைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. கட்டுப் பிரிக்கும்வரை வேறு ஆளை ஏற்றிவிட்டால், அதற்கப்புறம் தோட்டத்து வேலையும் அந்த ஆளுக்கே போய்விடும் என்பதுதான் அவள் பயம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கை கூடிரும் டீச்சர், பேச்சியக்காட்ட சொல்லி எடத்த மட்டும் விட்றாமப் பாத்துக்கோங்க."

ஒத்திகை

தோட்டத்து சூப்பர்வைசரிடம் பேசுவது என்று முடிவாயிற்று. இரண்டாவது ஜீப் வேண்டும், சீட்டுக்கு மேல் ஒரு ஆள் ஏறக் கூடாது, சுருளியின் இடம் சுருளிக்கே. ஒருநாள் மலை இறங்கும்போது டயர் பஞ்சரானது வசதியாகப் போயிற்று. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் தெரிகிற வளைவில் நின்று ஒத்திகை பார்த்தோம். பேச்சியம்மாள் சூப்பர்வைசர், நான் தொழிலாளி. இடுப்பில் கையை வைத்து, பாதி மலையாளத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு நான் படித்த படிப்பில் பதிலே இல்லை. பிடிக்காவிட்டால் நாளைமுதல் வராதே என்றதும் எனக்கு நிஜமாகவே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேச்சியம்மாள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கே வாயடச்சுப் போனீகன்னா, நெசத்துக்கு நாங்களே போயிக்கிறோம் டீச்சர்."

மடி

அவர்களே போனார்கள். அதற்குள் பயிற்சிக் கையேடு எழுதச் சொல்லி எங்கள் அமைப்பு என்னைத் தேனி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தது. இரண்டாவது ஜீப் வந்துவிட்டது என்று ஈசுவரன் போனில் சொன்னபோது, சந்தோஷப்பட்ட கையோடு எனக்கு அழுகை வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. மௌனத்தைக் கையாளுவது எப்படி என்று எழுத உட்கார்ந்தால், ஏலக்காய் வாசமும் ஈரச்சேலை வாசமும் கலந்த அந்த நெருக்கடிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் தாங்க முடியாமல் கூடலூரில் போய் ராத்தங்கி, விடியுமுன் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், இளைத்துவிட்டேன் என்றார்கள். உள்ளே ஒவ்வொருத்தியும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுருளி ஜன்னலோரம், அவளுடைய பழைய இடத்தில் இருந்தாள். நானும் படியில் கால் வைத்தேன். சுருளி உடனே நகர்ந்து, மடியைத் தட்டிக் காட்டி, வாங்க என்றாள். பேச்சியம்மாள் குறுக்கே கையை நீட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மடியும் கணக்குத்தான் டீச்சர். சீட்டுக்கு மேல ஒரு ஆள் ஏறப்புடாதுன்னு நாங்கதான பேசி வாங்குனோம்? நீங்க குமுளி பஸ்ஸுல வாங்க, அங்கன எறங்கி ஒரு டீ குடிப்போம்."

நம்மைத் தேவையில்லாதவர்களாக ஆக்கிக்கொள்வதே இந்தத் தொழிலின் வெற்றி என்று கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் வெற்றி பெற்றவள் தினமும் விடியலில் எங்கே போய் உட்காருவது என்பதற்கு மட்டும் இன்னும் ஒரு பாடம் எழுத வரவில்லை.