ரேவதி எழுதிய நிரல்

ஆரணியை ஒட்டிய சேவூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில், தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை இலவசமாக உருவாக்கும் இணையக் குழுவில் கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். பெரணமல்லூர் ரேவதி அவர்களில் ஒருத்தி. சின்னத் திருத்தத்துக்கும் பத்துக் கேள்வி கேட்பாள்.

பிழைதிருத்தியில் இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்ய ஒருநாள் அவள் அனுப்பிய நிரல் அத்தனை நேர்த்தியாக இருந்தது. எல்லோரும் பார்க்கும் குழுவில், "ஏஐ எழுதித் தந்ததை உன் பெயரில் அனுப்பாதே" என்று எழுதிவிட்டேன்.

"அக்கா, நான்தான் எழுதினேன். மூணு வாரமா எழுதிகினு இருந்தேன்" என்று பதில் வந்தது. நம்பாமல் நிராகரித்தேன். அதோடு அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, அதே கோளாறைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது அவள் நிரலை வரிவரியாகப் படித்தேன். என்னென்ன முயன்றாள், ஏன் சரிவரவில்லை என்று நடுநடுவே குறித்திருந்தாள். அன்று நான் அதில் பாதிகூடப் படித்திருக்கவில்லை.

மறுநாளே பஸ் பிடித்து, வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்காக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? கோவம்லாம் இல்ல. என் கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் பாத்துகினு இருந்தாங்க. அப்புறம் எத எழுதினாலும், நான்தான் எழுதினேனான்னு எனக்கே டவுட்டு வந்துச்சு. உட்டுட்டேன்."

"குழுவுல எல்லார் முன்னாடியும் சொல்றேன். உன் நிரலையும் சேத்துடறேன்."

"சேத்துக்கோங்கக்கா. என் பேரு மட்டும் வேணாம்."

சொன்னபடி இரண்டையும் செய்தேன். அவள் திரும்பி வரவில்லை. இப்போது யார் எதை அனுப்பினாலும் கடைசி வரிவரை படித்த பிறகே பேசுகிறேன். அதனால் ரேவதிக்கு ஒரு பயனும் இல்லை.