வெளுக்கும் அண்டாவின் ஆவி

என் தொண்டையைக் கெடுத்தது என் பாட்டுதான் என்று ஆரணியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும், வாய் அவர்களுடையது.

தொண்ணூறுகளின் கடைசியில், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை பார்த்தேன். சாயத்துக்கு முன்னால் நூலை வெளுக்க வேண்டும். பெராக்சைடு ஊற்றிய வெந்நீர் அண்டாவில் நூலை முக்கிப் புரட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்குழுவில் முதல் குரல் என்னுடையது. கிறிஸ்துமஸ் தனிப்பாட்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை; அவ்வளவு திமிர் எனக்கு.

பட்டறையில் ஒரு வழக்கம். தொண்டை கட்டினால் யாரும் வீட்டில் ஆவி பிடிக்க மாட்டோம். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அந்த அண்டா மேலேயே குனிவோம். "வூட்ல எதுக்கும்மா தனியா அடுப்பு பத்த வெக்கற? இங்கதான் கொதிச்சிகினு கீதே" என்பார் முதலாளி. குரல் கட்டக் கட்ட நானும் குனிந்தேன். குனியக் குனிய இன்னும் கட்டியது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வேலூரில் ஒரு டாக்டரம்மா தொண்டைக்குள் கேமராவை விட்டு டிவியில் காட்டினார். வெள்ளையாக இருக்கவேண்டிய குரல் நாண்கள் வீங்கிச் சிவந்து கிடந்தன.

"நாண் மேல ஈரமா ஒரு மெல்லிசு தோல் இருக்கும்மா. நூலை வெளுக்கற மருந்து அதையும் சும்மா விடாது. இரும்பைத் துரு தின்ற மாதிரி தின்னும். கொஞ்சம்னா உடம்பே தடுத்துக்கும். தினமும் இழுத்தா அதால முடியாது. இனிமே அண்டா பக்கம் போகாதீங்க. ரெண்டு வாரம் பேசவும் கூடாது. மீறினா கிறிஸ்துமஸ் பாட்டை மறந்துடுங்க."

வேலையை விடுவதாகச் சைகையில் சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாள் பட்டறைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி இருமிக்கொண்டே அண்டா மேல் முந்தானையை விரித்தாள். "நல்லா இழுத்துக்கம்மா, ஜல்தியா சரியாப் பூடும்" என்றார் முதலாளி.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏந்திரிடி! அதுதான்டி என் தொண்டையத் தின்னுச்சு!" என்று கத்தினேன்.

"பாடிப் பாடி நீயே கெடுத்துகினு என் பட்டறை மேல பழி போடாத" என்றார் முதலாளி. விடுவேனா? டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பாதியில் குரல் அறுந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே மீதியையும் சொன்னேன். வேலை செய்த பெண்கள் எல்லோரும் நூலைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்டாவைக் கொல்லைப்புறத் திறந்தவெளிக்கு மாற்றிய பிறகுதான் உள்ளே போனார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸில் தனிப்பாட்டை வேறொருத்தி பாடினாள். உச்சத்தில் பாடுகிற என் மேல்குரல் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். புது வருஷத்தில் ஒருநாள் கடைத்தெருவில் முதலாளி என்னை நிறுத்தினார். "பாட்டு பூடுச்சேம்மா, பாவம்" என்றார்.

"பாவம்னு சொல்லாதீங்க. 'என் பட்டறை மேலதான் தப்பு'ன்னு சொல்லுங்க" என்றேன். கரகரத்த குரல்தான். அவருக்கு நன்றாகவே கேட்டது.