பொலிஸ் பதிவின் பின்பக்கம்

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை போட்டேன். கலவரத்தில் எரித்தார்கள், அதே இடத்தில் திரும்பவும் போட்டேன். வெள்ளவத்தையில் இரண்டு மாடி எழுப்பினேன். இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினேன். இதையெல்லாம் ஊரே சொல்லும். அவர்களுடைய தாய் உயிரோடிருப்பதும் என்னால்தான் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

யுத்த காலம். மனைவியின் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்த டாக்டர், நான்கு பொலிப்புகளை, சின்னச் சின்னச் சதைக் கட்டிகளை, வெட்டி எடுத்தார்.

"சில பேர் அஞ்சு, பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் போதும். உங்கட மிஸிஸுக்குக் கட்டியின்ர தொகையும் பருமனும் அப்பிடியில்லை. மூண்டு வருஷத்தில கட்டாயம் திரும்பப் பாக்கோணும், நோவு இல்லாட்டியும்" என்றார்.

அவர் மாதத்தைக் குறித்துத் தந்த துண்டைத் தொலைத்துவிடுவோம் என்று பயந்தேன். எங்கள் வீட்டில் தொலையாத தாள் ஒன்றுதான்: வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவு. சோதனைக்கு வந்தால் அதைத்தான் முதலில் நீட்டவேண்டும். அதன் பின்பக்கத்தில் வருடத்தையும் மாதத்தையும் பெரிதாக எழுதி வைத்தேன்.

அடுத்த சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் தாளைத் திருப்பினான்.

"மே மொகத?"

இது என்ன என்று கேட்டு, அந்த மாதம் என்ன நடக்கப் போகிறது என்று துருவினான். மனைவிக்கு வயிற்றுச் சோதனை என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். டாக்டரின் கடிதத்தோடு வந்து மீட்ட மூத்தவன் பொலிஸ் வாசலிலேயே கத்தினான்.

"பொலிஸ் பேப்பரில ஆராவது கிறுக்குவினமோ? நாலெழுத்துப் படிச்சிருந்தா இந்த வேலை செய்வீங்களோ அப்பா?"

பிறகு பொலிஸ் தந்த புதுத் தாளில் நான் எதுவும் எழுதவில்லை. அதை நீட்டும் ஒவ்வொரு முறையும் மாதத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாதம் வந்தது. "அம்மா சுகமாத்தானே இருக்கிறா. குண்டு வெடிக்கிற நேரத்தில ஏன் ஆஸ்பத்திரி?" என்றான் மூத்தவன்.

"பேதி மருந்து குடிச்சு நாள் முழுக்கக் கக்கூசில இருக்கேலாது, விடுங்கோவன்" என்றாள் மனைவி.

விடவில்லை. கிளாஸ் கிளாஸாய்க் குடிக்க வைத்தேன். மூன்று சோதனைச் சாவடி தாண்டி ஓட்டோவில் கொண்டுபோனேன். புதிதாக ஒரு கட்டி, முந்தியவற்றைவிடப் பெரிது. "விட்டிருந்தா புற்றாய் மாறியிருக்கக்கூடும்" என்றார் டாக்டர், அதை வெட்டி எடுத்துவிட்டு.

போன மாதம் அவளுக்கு எழுபதாவது பிறந்தநாள். மூத்தவன் மைக்கைப் பிடித்து டாக்டருக்கு நன்றி சொன்னான், பிள்ளையாருக்குச் சொன்னான், சமையல்காரருக்கும் சொன்னான். முன்வரிசையில் நான் இருந்தேன்.

அந்தப் பேச்சைப் படங்களோடு புத்தகமாக அடிக்கப் போகிறானாம். அடிக்கட்டும். முதல் பக்கத்தில் ஒரு வரி வேண்டும்: மாதத்தை மறக்காதவர், அதற்காக உள்ளே கிடந்தவர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. அந்த வரி இல்லாமல் அது அச்சுக்குப் போகக்கூடாது.