ரெகுலேட்டரைப் பிரித்த ஞாயிறு

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் வளைகுடாவில் பார்த்த முக்குளிப்பு வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனம் திரும்பினார். கூடவே ஒரு காற்று சிலிண்டரும், அந்தக் காற்றைத் தண்ணீருக்கடியில் அளவாக வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டரும் வந்தன. விழுப்புரம் வரைக்கும் கிணறுகளில் விழுந்த மோட்டார்களை எடுத்துக் கொடுப்பது அவர் தொழிலாயிற்று.

ஒரு சனிக்கிழமை, விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கிணற்றில் இறங்கியவர் பாதியிலேயே மேலே வந்துவிட்டார். ரெகுலேட்டரில் காற்று நிற்காமல் சீறியதாம்.

"பம்பாய்க்கு அனுப்பணும். ரெண்டு மாசம் ஆவும்" என்று சோர்ந்து உட்கார்ந்தார்.

நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். கெட்டுப்போன கருவியைக் கண்டால் கை பரபரக்கும். "நாமளே பிரிச்சுப் பாக்கலாங்க" என்றேன்.

"வெளையாடறியா? மூச்சு விடற சாமான் அது."

"அதான் புத்தகத்தப் படிச்சுக்கினு பிரிக்கலாம்னு சொல்றேன்."

மறுநாள் காலை சமையலறைத் தரையில் வெள்ளை வேட்டியை விரித்தோம். நான் ஆங்கிலக் கையேட்டை வரிவரியாகப் படிக்க, அவர் திருகினார். மூன்றாவது திருகில் நான் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டேன். பித்தளைப் பாகங்களில் உப்பு பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரில் ஊறப் போட்டோம். தையல் மெஷின் எண்ணெயை எடுத்தேன். "ஐயோ, எண்ணெய் ஆவாது! அழுத்தத்துல தீப்பிடிக்கும்" என்று பாய்ந்து தடுத்தார்.

காற்றை அடைக்கும் பிளாஸ்டிக் வில்லையை நகத்தால் தடவினேன். நடுவில் ஒரு பள்ளம்.

"போச்சு. இதுக்கு எங்க போறது?" என்றார்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். அந்த வில்லையைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தது! மறுபக்கம் மழமழவென்று இருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார்.

பூட்டினோம். சிலிண்டரைத் திறந்தோம். மறுபடியும் சீறல். மறுபடி பிரித்தால் ரப்பர் வளையத்தில் வேட்டி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்தேன், பூட்டினேன், திறந்தேன்.

சத்தமே இல்லை.

ரெகுலேட்டர் முகப்பிலிருந்த பொத்தானை அழுத்தினால் காற்று புஸ்ஸென்று வந்தது; விட்டால் நின்றது. வாயில் வைத்து இழுத்தேன். கேட்டபோது மட்டும், கேட்ட அளவு மட்டும் காற்று! இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"நான் சரிபண்ணதுல நான்தான் மொதல்ல எறங்குவேன்" என்றேன். அவருடைய பேண்ட்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு மாலை அதே கிணற்றுக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியும். "மூச்ச மட்டும் அடக்காத. விட்டுக்கினே இரு" என்று சொல்லிவிட்டு, படியில் நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கழுத்தளவு, தலையளவு. கண்ணெதிரே பாசி படிந்த கல். இழுத்தேன், காற்று வந்தது. விட்டேன், குமிழிகள் காதோரம் கடகடவென்று ஓடின. தண்ணீருக்குள் நான் மூச்சு விடுகிறேன்! சிரிப்பு வந்து கடைவாய் வழியே தண்ணீர் புகுந்தது. இருமிக்கொண்டே மேலே வந்தேன்.

கிணற்றுக்காரர் மனைவி மேலிருந்து எட்டிப்பார்த்து, "இன்னாம்மா, மோட்டாரு கெடைச்சுதா?" என்றார்.

"மோட்டாரா? நான் அதப் பாக்கவே இல்லீங்க!"

அதற்கு அப்புறம் என் வீட்டுக்காரர் இறங்கி மோட்டாரைக் கட்டித் தூக்கினார். ஈரச் சட்டையோடு நான் வரப்பில் உட்கார்ந்து, அந்த அம்மா கொடுத்த வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி, ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அந்த அம்மாவுக்கே விளக்கிக்கொண்டிருந்தேன்.