பெயரை மறைத்துப் படித்த கட்டுரைகள்

சிங்கப்பூரில் எங்கள் துறை நடத்தும் நிர்வாகவியல் ஆய்விதழுக்கு வெள்ளிவிழா. இத்தனை வருடத்தில் அது எப்படி வளர்ந்தது என்று மதிப்பிட்டு எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். வளர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இதழின் அடுத்த ஆசிரியராக என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். உடனே ஒப்புக்கொண்டேன்.

துணைக்கு ஒரு ஆய்வு உதவியாளர். தெம்பனிஸ் வட்டாரத்துக்காரர், இருபது வருடம் அலுவலக வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்த அம்மாள். பாரபட்சம் கூடாது என்று நான் ஒரு விதி செய்தேன். நூலக ஊழியரைக் கொண்டு தலைப்பின்மேலும் எழுதியவர் பெயர்மேலும் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட வேண்டும். இருவரும் தனித்தனியே படித்துக் குறிப்பெழுத வேண்டும். பெயரைப் பார்த்தபின் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. சனிக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் தோசைக்கடை மாடியில் உட்கார்ந்து ஒப்பிட்டோம்.

ஆரம்ப இதழ்களில் மனிதர்கள் இருந்தார்கள். கப்பல் பட்டறை மேஸ்திரி முதலாளியைத் திட்டுவார். ஆய்வாளர் அதை அப்படியே எழுதியிருப்பார். பிறகு ஒரு கட்டுரை. அதிலிருந்து மேஸ்திரிகள் ஒழிந்து, அம்புக்குறி போட்ட கட்டங்கள் வந்துவிட்டன. சரிவு தொடங்கிய இடம் அதுதான் என்று இருவருமே குறித்திருந்தோம். நான் ஒருபடி மேலே போய், “இவர் ஒரு தொழிலாளியையாவது நேரில் பார்த்திருப்பாரா?” என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

அந்த அம்மாள் சீட்டை உரித்தார். படித்தார். பிறகு சட்னிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார்.

என் பெயர். எனக்கு வேலை நிரந்தரமானதே அந்தக் கட்டுரையால்தான்.

எழுதியது நான் என்பதுகூடப் பெரிய அடி இல்லை. மூன்று முறை படித்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருட உழைப்பு. ஒரு வாக்கியமாவது என்னைப் பார்த்துத் தலையசைத்திருக்க வேண்டாமா? தோசை ஆறிப்போனது. தண்ணீர் குடிக்கப் போய், சட்டையெல்லாம் தண்ணீர்.

“இதப் பத்தின குறிப்ப எடுத்துடலாமா சார்? யாருக்குத் தெரியப் போவுது லா.”

“மாத்தக் கூடாதுன்னு ரூல் போட்டது யாரு?”

“நீங்கதான். அதனாலதான் கேக்கறேன்.”

எடுக்கவில்லை. சரிவுக்குக் காரணம் இன்னார் என்று என் பெயரையே எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தால் ஆசிரியர் பதவி கிடைக்காது என்று தெரிந்துதான்.

வழக்கப்படி, எழுதியது யார் என்று சொல்லாமல் அதை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார்கள். அவர் குறிப்பு இரண்டு வாரத்தில் வந்தது. அந்தப் பழைய கட்டுரையாளர்மீது இதை எழுதியவருக்கு ஏதோ சொந்தப் பகை இருப்பதாகத் தோன்றுகிறதாம். அந்தக் கட்டுரையாளர் அப்போது இளைஞராம். தொனியைச் சற்றுத் தணிக்கலாமாம்.

மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதியாக வேண்டும். எழுதினேன்: “தங்கள் பரிவுக்கு நன்றி. தணிக்க இயலாது. அவரை எனக்கு ஓரளவு தெரியும். தொழிலாளி யாரையும் அவர் பார்க்கவில்லை.”