சூளைச் சுவரில் ஒரு கண்

தீயைப் பார்த்தே கரண்ட் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை. நான் கவலைப்படவில்லை. சென்னை ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தவள் நான். வீரகேரளம்புதூர் பக்கத்தில் என் அக்காவின் செங்கல் சூளையில் மட்டும் வராமல் போய்விடுமா?

கூரையில் வெயிலுக்கு வைக்கிறார்களே, அந்த சோலார் செல்லுக்கு இது தங்கை முறை. வெயிலுக்குப் பதிலாக, கனன்று நிற்கும் நெருப்பின் ஒளியை வாங்கி மின்சாரமாக்கும். செல்லின் முகத்தில் அனல் அடிக்க வேண்டும், அது சூடேறிப் போகாமலிருக்க முதுகில் தண்ணீர் ஓட வேண்டும். ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் எங்கள் பக்கம் மேகமும் காற்றும்தான். அக்காவின் கூரைப் பேனல்கள் அரைத் தூக்கத்தில் கிடக்கும். சூளைக்குள் ஏது மேகம்?

அக்கா கறார். அத்தான் போலீஸ் வேலையில் ஊர் ஊராகப் போக, சூளையை நடத்துவது அவள்தான். இந்த ஒரு தடவை சூளை நெருப்பில் பல்பு எரிந்தால் இங்கேயே இடம் தருகிறேன், இல்லையென்றால் மூட்டையைக் கட்டு என்று சொல்லிவிட்டாள். நானோ வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். தன் சுவரில் ஓட்டை போட வேறு எந்தச் சூளைக்காரரும் என்னை விடமாட்டார்.

சுவரில் கண் மாதிரி ஒரு துவாரம் விட்டு, அனல் தாங்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைச் சட்டத்தோடு செருகினேன். தீ மூட்டி, உள்ளே கல் ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் செல்லை எதிரே வைத்தேன். மீட்டர் பாதிகூட ஏறவில்லை. வயரைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், எல்லாம் சரி. பிறகுதான் கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது.

அக்காவிடம் கேட்டேன்.

"பொட்டு வச்சேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எவளாவது தீ மூட்டுவாளாட்டி?"

சந்தனமும் குங்குமமும். விரல் வியர்வையின் உப்பு பட்டாலே போதும், அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் பால்போல வெளுத்துவிடும். துடைத்தாலும் போகாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மாற்றுக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, அதைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொந்த அக்காவிடமே சொன்னேன்.

அவள் ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கிவந்து அனலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இடுக்கியால் பழைய சட்டத்தை உருவி, புதியதைச் செருகினேன். இரண்டு பேருக்கும் புருவம் பொசுங்கியது.

செல்லை மறுபடி எதிரே வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எரியும் என்று தெரிந்திருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாராட்டெல்லாம் அக்காவுக்கு வராது.  போனில் கொத்தனாரைக் கூப்பிட்டு மறுநாள் வரச் சொன்னாள். பக்கத்தில் இரண்டாவது சூளைக்கு அஸ்திவாரம் போட்டுக் கிடந்தது. அதைக் காட்டி என்னிடம் கேட்டாள்.

"இதுல எத்தன கண்ணு விடணும்? இப்பமே சொல்லிரு. கட்டின பொறவு இடிக்க விடமாட்டேன்."